60 ஆயிரத்துக்கு முதல் கேமிங் பிசி: கடையில எழுதிக் குடுத்த லிஸ்ட் சரியா?

மேலூர் தம்பி
6 ஏப்ரல் 2024, மாலை 6.20

பட்ஜெட் 60 ஆயிரம், மானிட்டரும் அதுக்குள்ள. கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் இருக்கு. வாலரண்ட், ஜிடிஏ 5, எல்டன் ரிங் ஓடணும். டவுன்ல ஒரு கடையில குடுத்த லிஸ்ட்:

ஐ7 4770, எச்81 போர்டு, 16 ஜிபி டிடிஆர்3, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி 2048எஸ்பி, 512 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பொட்டி), முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினெட் நாலு ஆர்ஜிபி ஃபேனோட. மொத்தம் 36,000. மிச்சம் 24,000க்கு 27 இன்ச் வளைஞ்ச மானிட்டர் எடுத்துக்கங்கன்னு சொல்றாங்க.

ஐ7தான பெருசு, எடுத்துறலாமா?

சிம்மக்கல்
6 ஏப்ரல், இரவு 9.12

எடுத்துறாதீங்க தம்பி. ஐ7ங்கிறது குடும்பப் பேரு. வயசு அதுக்குப் பின்னாடி வர்ற நம்பர்ல இருக்கு. 4770 வந்தது 2013ல. நாலு கோர், எட்டு த்ரெட். இப்ப 8,000 ரூபாய்க்கு விக்கிற ஐ3 12100எஃப்லயும் அதே நாலும் எட்டும்தான், ஆனா கோருக்குக் கோர் இது எங்கயோ இருக்கு.

அதவிடப் பெரிய சிக்கல் விண்டோஸ். 11 அதிகாரப்பூர்வமா இன்டெல் 8வது தலைமுறைல இருந்துதான், 4770 நாலாவது. சுத்தி வளைச்சு 11 போட்டாலும் வாலரண்டோட வான்கார்டு (ஏமாத்து வேலையப் பிடிக்கிற சாஃப்ட்வேர்) டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதி கேக்கும், இந்த போர்டுல டிபிஎம் 2.0க்குப் பெரும்பாலும் வழி இல்ல. 10லயே ஓட்டலாம்னா அதுக்கு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நிக்குது. ஒன்றரை வருசத்துக்கா 36,000?

கார்டு விசயம். ஒழுங்கான 580ல 2304 ஷேடர் (படம் வரையுற குட்டிக் கோர்). 2048எஸ்பின்னு வர்றது பேருக்கு 580, உள்ள 570. பாதிக்கு மேல மைனிங்ல, அதாவது கிரிப்டோ காசு தோண்டுறதுல, வெந்ததா இருக்கும். 2022 செப்டம்பர்ல எத்தீரியம் கார்டு வச்சுத் தோண்டுறத நிறுத்துனதும் மூட்டை மூட்டையா சந்தைக்கு வந்த சரக்கு.

என் லிஸ்ட் கீழ. விலை எல்லாம் இப்போதைக்குத் தோராயம், முன்ன பின்ன இருக்கும்.

ரைசன் 5 5600: 11,500
பி450எம் போர்டு: 6,000
16 ஜிபி டிடிஆர்4 3200, 8+8: 3,600
ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி: 20,500
500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி: 3,500
550 வாட் ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (Bronze, திறன் தரம்) எஸ்எம்பிஎஸ்: 4,200
வலை முகப்பு கேபினெட், 3 ஃபேன்: 3,500
24 இன்ச் 1080பி ஐபிஎஸ் 100 ஹெர்ட்ஸ்: 8,500

ரைசன் 5 5500 மலிவா இருக்கேன்னு அந்தப் பக்கம் போகாதீங்க. அதுல பிசிஐஇ (சிபியுவும் கார்டும் பேசிக்கிற பாதை) 3 மட்டும்தான், 6600 கார்டோட முழு வேகம் வராது.

ஒத்தக்கடை
6 ஏப்ரல், இரவு 10.05

கூட்டிப் பாத்தீங்களாண்ணே? 61,300 வருது.

சிம்மக்கல்
6 ஏப்ரல், இரவு 10.11

கணக்கு வாத்தியார் வந்துட்டாரு. ஆமா, 1,300 கூடுது.

ஒத்தக்கடை
6 ஏப்ரல், இரவு 10.40

அதுக்குத்தான் 12100எஃப் + எச்610 டிடிஆர்4 போர்டு. 8,000 + 6,000. 5600 + பி450ஐ விட 3,500 மிச்சம். அதுல 1,300 போக மிச்சத்த மானிட்டர்ல போட்டா 100 ஹெர்ட்ஸுக்குப் பதிலா 165 ஹெர்ட்ஸ் வந்துரும்.

எல்டன் ரிங் எப்படியும் 60 எஃப்பிஎஸ்ஸோட (செகண்டுக்கு 60 படம்) நின்னுரும், கேம்லயே பூட்டி வச்சிருக்கான். ஜிடிஏ 5 பிசிக்கு 2015லயே வந்த ஆட்டம். மூணுல வாலரண்டுக்கு மட்டும்தான் 60க்கு மேல உண்மையான உபயோகம், அதுக்கு கோர் எண்ணிக்கையவிட ஒத்தக் கோரோட வேகம் முக்கியம். 12100எஃப் அங்க சளைக்காது.

சிம்மக்கல்
7 ஏப்ரல், காலை 7.30

இன்னைக்கு ஆட்டத்துக்கு சரி. ஆனா முதல் பிசி அஞ்சாறு வருசம் ஓடும். புது ஆட்டம் ஆறு கோர எதிர்பார்த்துத்தான் வருது. நாலு கோர்ல சராசரி எஃப்பிஎஸ் நல்லாவே காட்டும், நடுவுல திக்கித் திக்கி நிக்கும். பின்னாடி டிஸ்கார்டு, பிரவுசர், ரெக்கார்டிங் ஓடுச்சுன்னா இன்னும் மோசம். எச்610ல ரெண்டு ரேம் ஸ்லாட்டு, எஸ்எஸ்டி சொருக ஒரே ஒரு எம்.2. 1,300க்காக அதுல போய் மாட்டணுமா?

இன்னொண்ணு, நேத்து நான் எழுதுனதுல ஒரு கோளாறு. 5500ல பிசிஐஇ 3தான்னு திட்டிட்டு, கையோட பி450 போர்ட லிஸ்ட்ல போட்டிருக்கேன். அந்த போர்டும் பிசிஐஇ 3தான்! 5600 போட்டாலும் அதுல கார்டு 3லதான் ஓடும். 4 வேணும்னா பி550, இன்னும் 2,500 கூட.

தேவையான்னா, இல்ல. 6600 எட்டு லேன் (பிசிஐஇ பாதையோட அகலம்) கார்டு, 8 ஜிபி மெமரி. 3ல ஓட்டுனா போறது நூத்துக்கு ரெண்டு மூணு. அடி வாங்குறது 6500 எக்ஸ்டி மாதிரி நாலு லேன், 4 ஜிபி கார்டுதான். மெமரி நெறஞ்சு வழியுறப்ப அந்தக் குறுகுன பாதையிலதான் எல்லாம் போய் வரணும், அங்க தொண்ட அடைக்கும். 5500 வேணாம்னு சொல்ல நியாயமான காரணம் கேஷ் (சிபியுக்குள்ளயே இருக்குற வேகமான குட்டி மெமரி): அதுல 16 எம்பி, 5600ல 32 எம்பி. வாலரண்ட் மாதிரி ஆட்டத்துல அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

திருநகர்
7 ஏப்ரல், காலை 11.15

பி450 பழைய ஸ்டாக்கா இருந்தா பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர்) பழசா இருக்கும், 5600ஐ போர்டுக்கு அடையாளம் தெரியாது. ஃபேன் சுத்தும், படம் வராது. போர்டு கம்பெனி சைட்ல சிபியு சப்போர்ட் லிஸ்ட்ல 5600க்கு நேரா எந்த பயாஸ் வெர்சன்னு பாருங்க. கடையில வாங்குனா அங்கயே அப்டேட் பண்ணிக் குடுக்கச் சொல்லிருங்க. ஆன்லைன்னா ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டா எடுங்க. சிபியு மாட்டாமலே பென்டிரைவ் வச்சு ஏத்தலாம்.

மேலூர் தம்பி
7 ஏப்ரல், மதியம் 1.02

1,300 ஏத்திக்கிறேண்ணே. 5600. கார்டுல மட்டும் ஒரு டவுட்டு, ஆர்டிஎக்ஸ் 3050 ஒரு இடத்துல 17,000க்கு இருக்கு. ஆர்டிஎக்ஸ்னா நல்லதுங்கிறாங்களே?

சிம்மக்கல்
7 ஏப்ரல், மதியம் 1.30

எந்த 3050? 8 ஜிபியா 6 ஜிபியா? இந்த வருசம் பிப்ரவரில அதே பேர்ல 6 ஜிபி விட்டிருக்கான். கோர் 2560ல இருந்து 2304, மெமரி பாதை 128 பிட்டுல இருந்து 96. மெமரி மட்டும் கொறஞ்ச கார்டுன்னு நெனச்சு வாங்குனா ஏமாந்துதான் போகணும். அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு: 70 வாட், தனி பவர் ஒயர் வேணாம். பழைய ஆபீஸ் பிசிக்கு அது வரப்பிரசாதம். புதுசா கட்டுற உங்களுக்கு இல்ல.

ரெண்டு 3050யவிடவும் 6600 நல்லாவே வேகம். ரே டிரேசிங் (நெசமான வெளிச்சம், நிழல் காட்டுற வித்தை) இந்த விலைல யாருக்கும் கெடையாது, அத மறந்துருங்க. பிளெண்டர், வீடியோ எடிட்டிங்னு பொழப்பு இருந்தா மட்டும் என்விடியா பக்கம் போங்க. அப்பவும் 3060 12 ஜிபிதான். அதுலயும் 8 ஜிபின்னு ஒரு குட்டி இருக்கு, சூதானம்.

திருநகர்
7 ஏப்ரல், இரவு 8.50

எஸ்எம்பிஎஸ் பத்தி யாருமே பேசல. கடைக்காரர் லிஸ்ட்ல என்னையப் பயமுறுத்துனது அந்த ஐ7 இல்ல, அந்த 500 வாட்தான்.

கேபினெட்டோட வர்றத கையில எடுத்துப் பக்கவாட்டு ஸ்டிக்கரப் படிங்க. பெருசா 500னு போட்டிருக்குறத விட்டுருங்க. கீழ கட்டத்துல +12V வரிசையில ஆம்பியர் என்னன்னு பாருங்க. 16ன்னு இருந்தா 12 x 16 = 192 வாட். சிபியு, கார்டு ரெண்டும் தின்கிறது அந்த 12 வோல்ட்டத்தான். மிச்ச வாட்டெல்லாம் 3.3லயும் 5லயும் போட்டு ஒப்பேத்துன கணக்கு. நல்ல 550ல 12 வோல்ட் 45 ஆம்பியர் கிட்ட இருக்கும், 540 வாட். தூக்கிப் பாத்தாலே கனம் தெரியும்.

இந்த பிசிக்கு வேணும்ங்கிறது: கார்டு 132, சிபியு அதிகபட்சம் 76, போர்டு ரேம் ஃபேன் எல்லாம் ஒரு 50. மொத்தம் 260 கிட்ட. நல்ல 450 போதும். 550 சொல்றது நாளைக்கு கார்டு மாத்துனா இதையும் மாத்த வேணாம்னுதான். ஆர்ஜிபி ஃபேனுக்குக் குடுக்குற காச இங்க போடுங்க.

ஒத்தக்கடை
7 ஏப்ரல், இரவு 9.20

யூபிஎஸ்? 600 விஏ 3,000 சொச்சத்துக்குக் கெடைக்குது. 260 வாட்டுக்கு அது தாராளம்.

திருநகர்
7 ஏப்ரல், இரவு 9.45

விஏ வேற, வாட் வேற மாப்ள. 600 விஏ யூபிஎஸ் குடுக்குறது 360 வாட். 260ங்கிறது எஸ்எம்பிஎஸ் உள்ள குடுக்குறது. செவுத்துல இருந்து இழுக்குறது 85 சதவீத திறன்ல 306. மானிட்டர் 25 சேத்தா 331. ஆட்டத்துக்கு நடுவுல கரண்ட் போனா விளிம்புல நிக்கும், ரெண்டு வருசத்துல பேட்டரி தளந்துருச்சுன்னா பொசுக்குனு அணைஞ்சுரும். 1000 விஏ, அதாவது 600 வாட் கிட்ட எடுங்க.

ஒத்தக்கடை
7 ஏப்ரல், இரவு 9.52

சரி, வாத்தியார் பட்டத்த உங்களுக்கே குடுத்துட்டேன்.

மேலூர் தம்பி
8 ஏப்ரல், காலை 8.10

வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு. அது போதாதா? அப்பறம் இன்னொண்ணு, இப்ப இருக்குற பழைய பிசி கேபினெட்டுல வெறுங்கால்ல நின்னு கை வச்சா சுர்ருங்குது. புதுசுலயும் அப்படி வருமா?

திருநகர்
8 ஏப்ரல், காலை 9.35

மொதல்ல ரெண்டாவத முடிப்போம். கார்டு தேர்வவிட இது முக்கியம்.

ஒங்க வீட்ல அந்த பிளக்குக்கு எர்த் இல்ல. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள சத்தத்த வடிகட்ட பேஸ்ல இருந்து பாடிக்கு ஒரு குட்டி கெப்பாசிட்டர், நியூட்ரல்ல இருந்து பாடிக்கு ஒண்ணு இருக்கும். எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிரும். இல்லாட்டி ரெண்டுக்கும் நடுவுல தொங்குற பாடில பாதி வோல்ட், 115 கிட்ட நிக்கும். கரண்ட் ரொம்பக் கம்மி, ஆளக் கொல்லாது. ஆனா எச்டிஎம்ஐயை ஓடுறப்பவே பிடுங்கி மாட்டுனா போர்ட்டு போகும், ஹெட்செட்ல ங்ங்னு எரைச்சல் வரும். என்னைக்காச்சும் உள்ள நெசமாவே ஷார்ட் ஆனா அப்ப அது கொல்லுற கரண்ட்.

எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்க. பேஸ்-நியூட்ரல் 230 கிட்ட, பேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. பேஸ்-எர்த் 80, 120ன்னு ஆடுச்சுன்னா மூணாவது ஓட்டை சும்மா அலங்காரம். எர்த் குழி இருக்கான்னு தேடுங்க. இருந்து காஞ்சு கெடந்தா இந்தக் கோடையில ரெண்டு கொடம் தண்ணி ஊத்திப் பாத்தாலே மீட்டர்ல வித்தியாசம் தெரியும். எர்த்துக்குப் பதிலா நியூட்ரலோட முடிச்சு விடுறேன்னு யாராவது சொன்னா விடாதீங்க. எங்கயாவது நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா கேபினெட் முழுக்க 230 வந்து நிக்கும்.

இன்வெர்ட்டர்: பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு சுவிட்ச் இருந்தா அதுல போடுங்க. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே கரண்ட் இல்லாம தாங்குறது 16, 17 மில்லி செகண்ட்தான். சாதா மோடுல மாறுறதுக்கு அதவிட நேரம் ஆகும், பிசி ரீஸ்டார்ட் ஆயிரும். ப்யூர் சைன் வேவா இல்லையான்னும் பாருங்க. சதுர அலைல ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ள இழுக்குற கரண்ட்ட ஒழுங்குபடுத்துற சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் மொணங்கும், சிலது அணைஞ்சே போகும்.

சிம்மக்கல்
9 ஏப்ரல், மாலை 5.40

வெயிலுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் சொன்ன கண்ணாடி முகப்பு கேபினெட்டுல ஃபேன் நாலு இருந்தும் காத்து நுழைய ஓரத்துல ரெண்டு விரல் சந்துதான். அறை சூடு பத்து டிகிரி ஏறுனா உள்ள ஒவ்வொண்ணும் ஏறக்குறைய அதே பத்து ஏறும். வெளிநாட்டு வீடியோல 22 டிகிரி அறையில 70 காட்டுற கார்டு, மொட்டமாடிக்குக் கீழ 37 டிகிரி ரூம்ல 85 காட்டும். கெட்டுப்போகாது, ஆனா ஃபேன் கத்தும். அதுக்குத்தான் வலை முகப்பு. முன்னாடி ரெண்டு உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள. தூசி வலை இருந்தா மாசம் ஒருவாட்டி கழட்டி உதறுங்க.

புளோயர் அடிக்கிறப்ப ஃபேன் சுத்தாம விரல் வச்சுப் பிடிங்க. காத்துல தறிகெட்டுச் சுத்துனா பேரிங் போயிரும்.

வாடிப்பட்டி
9 ஏப்ரல், இரவு 7.15

மொட்டமாடிக்கு வெள்ளை அடிங்க. ரெண்டு கோட்டிங். எந்த 240 எம்எம் லிக்விட் கூலரும் அந்த விலைக்கு அவ்வளவு குளுமை தராது.

சிம்மக்கல்
9 ஏப்ரல், இரவு 7.22

சிரிப்புக்குச் சொன்னாலும் நெசம்.

மேலூர் தம்பி
10 ஏப்ரல், காலை 10.00

பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்கே போயிறவா? இல்ல ஆன்லைனா?

ஒத்தக்கடை
10 ஏப்ரல், காலை 10.25

எலெக்சன் நேரம். 50,000க்கு மேல ரொக்கம், கையில காயிதம் இல்லன்னா பறக்கும் படை பிடிச்சு வச்சுக்கும். யூபிஐ, இல்ல கார்டு. நேர்ல பேரம் பேசி மிஞ்சுறது ரயில் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போகும்.

ஆன்லைன்னா சிபியு, கார்டு, எஸ்எஸ்டி. போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் ஊர்லயே எடுங்க. கேபினெட்டுக்குக் கண்ணாடி ஒடையுற பயம், மத்ததுக்குத் திருப்பித் தர அலையுற பாடு. எங்க வாங்குனாலும் ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் ஏறணும். ‘பில்லு இல்லாம 18 சதவீதம் கம்மி’ன்னா வாரண்டியும் கம்மி. டப்பா இல்லாத ட்ரே சிபியு வேணாம். கூலரும் வராது, ஏஎம்டியோட மூணு வருச வாரண்டியும் வராது. பார்சல் பிரிக்கிறத டேப் வெட்டுறதுல இருந்து ஒரே ஷாட்டா வீடியோ எடுங்க.

19 ஓட்டு, 23 அழகர் ஆத்துல எறங்குறாரு. அந்த வாரம் டவுனுக்குள்ள டெலிவரிய நம்பாதீங்க.

சிம்மக்கல்
27 ஏப்ரல், காலை 8.00

சாமான் வந்துருச்சுன்னு தம்பி சொல்லிருக்காரு. மாட்டுறதுல முதல் தடவை எல்லாரும் முழிக்கிற எடம் மட்டும் சொல்றேன், மிச்சத்துக்கு போர்டு புக்கு இருக்கு.

கூலர். 5600ஓட வர்ற ஸ்டெல்த் கூலருக்கு ஸ்பிரிங் ஸ்க்ரூ நாலு. போர்டுல ஏற்கெனவே ரெண்டு பிளாஸ்டிக் கொக்கி மாட்டியிருக்கும், அது இதுக்கு இல்ல. நாலு ஸ்க்ரூவையும் எடுத்துக் கொக்கியக் கழட்டணும். கழட்டுனதும் போர்டுக்குப் பின்னாடி இருக்குற இரும்புத் தகடு தொப்புனு விழும். ஒரு கை பின்னாடி இருக்கட்டும். சூடு கடத்துற பேஸ்ட் கூலர் அடியிலயே தடவி வரும், விரல் படாம வச்சுக்கங்க. ஸ்க்ரூவ மூலைக்கு மூலை ரெண்டு ரெண்டு சுத்தா முடுக்குங்க. ஒரு பக்கத்த முழுசா முடுக்குனா எதிர்ப் பக்கம் தூக்கிக்கும்.

சிபியு மூலையில தங்க முக்கோணம், சாக்கெட்லயும் முக்கோணம். அமுக்கக் கூடாது, தானா எறங்கும். பின்னாடி எப்பயாவது கூலரக் கழட்டுனா பத்து நிமிசம் ஆட்டம் ஓட்டி பேஸ்ட்ட சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, பையத் திருகி எடுங்க. நேராத் தூக்குனா சாக்கெட்ட விட்டு சிபியுவும் சேந்து வந்து பின்னு வளையும்.

ரேம் நாலு ஸ்லாட்டு போர்டா இருந்தா சிபியுல இருந்து எண்ணி ரெண்டும் நாலும். மேல சிபியுக்கு 4+4 பின், கார்டுக்கு 6+2 பின். ரெண்டும் எட்டுதான், முகம் வேற. பலம் போட்டு ஏத்துனா ஏறித்தான் தொலையும், அப்பறம் பொகைதான். எம்.2 ஸ்க்ரூ கடுகு சைஸ், ஒரு கிண்ணத்துக்குள்ள போட்டு வைங்க. ஐஓ தகட்ட (பின்பக்கம் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ ஓட்டைக்கு வர்ற தகடு) மறந்துட்டு போர்ட முடுக்கிட்டு, திரும்பவும் எல்லாத்தையும் கழட்டுற சடங்கு எல்லார் வீட்லயும் நடக்குறதுதான்.

மேலூர் தம்பி
28 ஏப்ரல், மாலை 4.15

எல்லாம் மாட்டியாச்சு. ஃபேன் சுத்துது, மானிட்டர்ல நோ சிக்னல். போர்டுல கோளாறு காட்டுற லைட் எதுவும் நிக்கல.

திருநகர்
28 ஏப்ரல், மாலை 4.18

எச்டிஎம்ஐ எங்க சொருகியிருக்கு?

மேலூர் தம்பி
28 ஏப்ரல், மாலை 4.20

யூஎஸ்பிக்குப் பக்கத்துல, போர்டுல.

சிம்மக்கல்
28 ஏப்ரல், மாலை 4.21

5600ல கிராபிக்ஸ் கெடையாது தம்பி. கீழ, கார்டுல சொருகுங்க. எச்டிஎம்ஐயவிட டிஸ்ப்ளேபோர்ட் நல்லது. வந்ததும் பயாஸ்ல டிஓசிபியோ எக்ஸ்எம்பியோ (ரேம முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணுங்க. பண்ணாட்டி 3200 ரேம் 2133, 2400ல படுத்துக் கெடக்கும். ஆன் பண்ணதும் ஒரு நிமிசம் வரைக்கும் கறுப்பா நிக்கலாம், பதறி ஆஃப் பண்ணிறாதீங்க. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல 60ஐ 100 ஆக்குங்க. நெறைய பேரு வருசக்கணக்குல 60லயே ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

மேலூர் தம்பி
4 மே, இரவு 9.30

மூணு ஆட்டமும் ஓடுது. எர்த் சரி பண்ணியாச்சு, நியூட்ரல்-எர்த் 1.8 வோல்ட். கத்திரி இன்னைக்கு ஆரம்பம், ரூம் 36. எல்டன் ரிங் ஒரு மணி நேரத்துக்கு அப்பறம் கார்டு 84, சிபியு 83. கொஞ்சம் அதிகமாத் தெரியுதே?

சிம்மக்கல்
4 மே, இரவு 9.48

60 எஃப்பிஎஸ்ல நிக்கிற ஆட்டத்துக்கு சிபியு 83 அதிகம்தான். 5600க்கு எல்லை 90. கூலர் சரியா ஒக்காரலையா, ஃபேன் தப்பாத் திரும்பியிருக்கா? ஃபேன்ல நாலு குறுக்குச் சட்டம் இருக்குற பக்கந்தான் காத்து வெளிய வரும். கண்ணுக்குத் தெரியலன்னா ஊதுபத்திய ஏத்தி ஒவ்வொரு ஃபேனுக்கும் முன்னாடி பிடிங்க, புகை எங்கிட்டுப் போகுதுன்னு பாருங்க.

மேலூர் தம்பி
4 மே, இரவு 10.40

பின்னாடி ஃபேன் உள்ள இழுத்துக்கிட்டு இருந்துச்சு. திருப்பி மாட்டுனேன். அதே ஆட்டம், அதே எடம்: கார்டு 79, சிபியு 74.

வாடிப்பட்டி
4 மே, இரவு 10.44

ரூம் வாசனையா இருக்குமே.